பிரவுனா, ஃப்ளோரசன்ஸா: புற்றுக்கட்டிக்குள் எதிர்ப்பணுக்களைத் தேட எது தோது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு சிறிய திசு ஆய்வகம். வாய்ப்புற்று பயாப்ஸி வருகிறது. கட்டிக்குள் டி செல், பி செல், மேக்ரோஃபேஜ் ஆகிய நோய் எதிர்ப்பு செல்கள் எங்கே, எவ்வளவு என்று, குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி போட்டுப் பார்க்க வேண்டும். டிஏபி என்ற நிறமூட்டும் பொருளைக் கொண்டு பிரவுன் நிறமேற்றி ஒரு ஸ்லைடில் ஒரு ஆன்டிபாடி பார்ப்பது ஒரு வழி. ஒரே ஸ்லைடில் ஐந்தாறு ஆன்டிபாடிகளை வெவ்வேறு நிறத்தில் ஒளிரவிடும் மல்டிபிளெக்ஸ் ஃப்ளோரசன்ஸ் இன்னொன்று. நாங்கள் பிரவுன் பக்கம்.

செலவில் பிரவுன் மலிவு, சாதாரண மைக்ராஸ்கோப் போதும். இது தெரிந்த கதைதான். முடிவைத் தீர்மானிப்பது, ஸ்லைடு எத்தனை காலம் நிற்கும், எத்தனை பேர் கையில் போகும் என்பதே.

நம் ஊரில் ஸ்லைடு ஆய்வகத்தோடு நிற்பதில்லை. வீட்டார் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) ஸ்லைடையும் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். டிஏபி படிவு ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரையாது. அதனால் டிபிஎக்ஸ் என்ற பசை போட்டு மூடிவிட்டால் பல வருடம் கழித்தும் அதே பிரவுன். எந்த ஊர் பேத்தாலஜிஸ்ட்டும் தன் மேஜையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஒளிரும் ஸ்லைடை இருட்டில், குளிரில் வைக்க வேண்டும். பார்க்கப் பார்க்க மங்கும். ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில் அது வெறும் கண்ணாடி. ஸ்கேன் செய்த படம் நிற்கும், உண்மைதான். ஆனால் சந்தேகம் வந்தால், ஒரே தளத்தில் ஸ்கேன் செய்த படத்தில் ஃபோகஸை மாற்றிப் பார்க்க வழியில்லை. பழைய பாதரச விளக்குள்ள கருவியென்றால் இன்னொரு தொல்லை: சுமார் 200 மணி நேரத்தில் விளக்கை மாற்ற வேண்டும், கரண்டு போய் வந்தால் ஆறும் வரை அரைமணி நேரம் காத்திருந்துதான் மறுபடி போட வேண்டும். எல்இடி விளக்கில் இந்தத் தொல்லை இல்லை.

வாய்ப்புற்றுக்கே உரிய காரணமும் உண்டு. கெரட்டினும் சிவப்பணுவும் சாயமே போடாமல் தானாக ஒளிரும். கெரட்டின் முத்துக்கு (கட்டிக்குள் உருண்டு திரளும் கெரட்டின்) நடுவே இருக்கும் ஒரு லிம்போசைட்டை அந்த வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம்.

பிரவுனுக்கும் பொறி உண்டு. பஃபர் சேர்க்காத ஃபார்மலினில் வரும் துண்டில், ரத்தம் தேங்கிய இடங்களில் கரும்பழுப்புப் பொடி படியும்; அவசரத்தில் பார்த்தால் பாஸிட்டிவ் செல் போலவே தோன்றும். ஆன்டிபாடி போடாத நெகடிவ் ஸ்லைடிலும் அதே பொடி இருந்தால் அது ஃபார்மலின் வேலை. துண்டு அனுப்புகிறவர்களிடம் 10% நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலின், துண்டைப் போல் பத்து மடங்கு என்று எழுதியே கொடுத்துவிடுவது நல்லது.

இனி பிரவுன் செய்முறை. 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, சார்ஜ் ஏற்றிய ஸ்லைடில் ஒட்டி, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மெழுகை நீக்கியபின் ஃபார்மலின் மறைத்த ஆன்டிஜனை (ஆன்டிபாடி ஒட்டும் இலக்கு) மீட்க பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏ பஃபரில் குக்கர், முழு அழுத்தம் வந்தபின் 3 நிமிடம். சூட்டோடு ஸ்லைடை வெளியே எடுத்தால் திசு காய்ந்து பெயரும். பஃபரிலேயே 20 நிமிடம் ஆறட்டும். பிறகு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். இதை விட்டால் சிவப்பணுவும் நியூட்ரோஃபிலும் தாமாகவே பிரவுனாகும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் பஃபருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். கிட் தாளில் அறை வெப்பநிலை என்றால் 20 முதல் 25 டிகிரி. சித்திரை மாதத்தில் நம் அறை அதுவல்ல. டிஏபியை ஐந்து நிமிடம் என்று கடிகாரத்துக்கு விடாமல், ஒப்பிடக் கூடவே போடும் டான்சில் கண்ட்ரோல் ஸ்லைடைப் பார்த்தே நிறுத்துங்கள். அதில் பி செல்லின் அடையாளமான சிடி20 ஃபாலிக்கிளை (பி செல் திரள்) நிறைக்கும், கொல்லும் டி செல்லின் அடையாளமான சிடி8 பெரும்பாலும் வெளியே நிற்கும். ஃபாலிக்கிளெல்லாம் சிடி8 பிரவுன் என்றால் அன்றைய ஓட்டமே தப்பு. ஃபேன் காற்றில் ஓரம் காய்ந்தாலும் ஓரத்தில் மட்டும் பொய்ப் பிரவுன் வரும். ஈரப் பெட்டியை மூடியே வையுங்கள்.

ஃப்ளோரசன்ஸ் நிச்சயமாக வெல்லும் இடமும் உண்டு: ஒரே செல்லில் இரண்டு அடையாளம் தேவைப்படும்போது. உதவி டி செல்லைக் காட்டும் சிடி4 மேக்ரோஃபேஜிலும் மெலிதாக ஏறும். எதிர்ப்பை அடக்கும் டி செல்லைக் காட்டும் ஃபாக்ஸ்பி3 சில புற்றுச் செல்களிலும் தெரியும். தனித்தனி பிரவுனில் இது குழப்பும். அடுத்தடுத்த வெட்டுகளைப் பொருத்திப் பார்க்கலாமே என்றால், லிம்போசைட்டின் குறுக்களவே 7 முதல் 10 மைக்ரான். 4 மைக்ரான் வெட்டில் மூன்றாவது ஸ்லைடுக்குள் அந்த செல் காணாமல் போயிருக்கும். ஃபாக்ஸ்பி3 கருவில் பிரவுன், எல்லா டி செல்லையும் காட்டும் சிடி3 சவ்வில் சிவப்பு என்ற இரட்டை நிறம் இதில் பாதிக் குறையைத் தீர்க்கும். நான்கு நிறத்துக்கு மேல் ஒளிரவைப்பதில் எங்கள் கைப்பழக்கம் குறைவு. அங்கே ஒரு நிறம் இன்னொன்றில் கசிவதைப் பிரிப்பதே பெரிய வேலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எண்ணிக்கைக்கு மட்டுமானால் பல நிறம் தேவையே இல்லை. பெருங்குடல் புற்றில் 2018இல் பன்னாட்டு அளவில் சரிபார்க்கப்பட்ட இம்யூனோஸ்கோர் என்ற மதிப்பெண் முறை, சிடி3க்கும் சிடி8க்கும் தனித்தனி பிரவுன் ஸ்லைடு போட்டு, கட்டியின் நடுவிலும் ஊடுருவும் ஓரத்திலும் எண்ணுவதுதான்.

முதலில் வாங்க வேண்டியவை சிடி3, சிடி8, சிடி20, சிடி68. சிடி68 மேக்ரோஃபேஜுக்கானது; அதில் கேபி1 குளோன் (ஆன்டிபாடி வகை) நியூட்ரோஃபில் போன்ற கிரானுலோசைட்டிலும் ஏறும். மேக்ரோஃபேஜ் மட்டும் வேண்டுமென்றால் பிஜி-எம்1. துண்டு மிகச் சிறியதென்றால் பிளாக்கைத் தொடும்போதே தேவையான வெட்டுகளை ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி முகம் சீவினால் சீவுவதிலேயே திசு தீர்ந்துவிடும். ஒளிரவைத்துப் பார்க்க வெளியூருக்கு அனுப்புவதானால் வெட்டி மாதக்கணக்கில் வைத்த ஸ்லைடு வேண்டாம், ஆன்டிஜன் குன்றும். பிளாக்கையே அனுப்பி அங்கேயே புதிதாக வெட்டச் சொல்லுங்கள்.