பழைய பிக்அப் வாங்குகிறவர்களுக்கு: "பி5 பாஸ்" என்று சொன்னதும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

பட்டர்வொர்த் பக்கம் ஏர்கோன் மாட்டும் வேலை செய்கிற ஒருவர், பழைய வண்டிக் கடை ஒன்றில் இரட்டைக் கேபின் பிக்அப் வாங்கினார். புதுப் பெயின்ட், பளபளக்கும் டயர், மீட்டரில் 118,000 கிலோமீட்டர். "அண்ணே, புஸ்பாகாம் பாஸ், பி5 கையில இருக்கு, இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். (புஸ்பாகாம் என்பது வண்டிகளைச் சோதிக்கும் நிறுவனம், பி5 அது செய்யும் சோதனைகளில் ஒன்று.) சில மாதங்கள் கழித்து, சாமான் ஏற்றிக்கொண்டு ரோட்டு மேடு ஒன்றில் இறங்கியபோது பின்னால் பெரிய சத்தம். போர்மேன், அதாவது மெக்கானிக், வண்டியைத் தூக்கிப் பார்த்தார். பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸை, அதாவது வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டத்தை, துரு தின்றிருந்தது. அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்து, கறுப்புத் தார் பூசி மூடியிருந்தார்கள். ஸ்பேர் டயரைக் கீழே இறக்கியபோது அதன் மேல்பக்கத்தில் காய்ந்த மீன் செதில். வருடக்கணக்கில் மீனும் உப்புத் தண்ணீரும் ஏற்றிய வண்டி அது. கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டால், அவர் கையெழுத்துப் போட்ட ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டுகிறார்கள்: பார்த்த நிலையிலேயே வாங்கிக்கொண்டேன், பிறகு புகார் இல்லை.

அவர் ஏமாளி இல்லை. பார்க்க வேண்டிய இடம் எது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் ஆட்கள் பலர் தொழிலுக்காகப் பழைய பிக்அப் தேடுகிறார்கள். சேமிப்பு மொத்தத்தையும் இதில் போடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பி5 பற்றி. அது பெயர் மாற்றத்துக்கான சோதனை. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கிரேன்ட்டில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) இருப்பதோடு ஒத்துப்போகிறதா, நம்பரை யாராவது வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, வண்டி பதிவில் உள்ளபடி இருக்கிறதா என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. வங்கிக் கடன் போட்டால் பி7 என்று இன்னொன்று உண்டு. எஞ்சின் கம்ப்ரஷன், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ், டர்போ எந்த நிலையில் இருக்கின்றன என்று இரண்டும் சொல்லாது. வண்டி திருட்டு வண்டி இல்லை என்பதற்கு பி5 உதவும். வண்டி நல்ல வண்டி என்பதற்கு அது சாட்சி இல்லை.

பிக்அப்பில் எது கெட்டாலும் மாற்றலாம். எஞ்சினைக்கூடப் பொட்டோங் கடையில் (பழைய வண்டிப் பாகம் விற்கும் கடையில்) வாங்கி மாற்றலாம். சேசிஸ் போனால் வண்டியே போனது மாதிரிதான். அதனால் வண்டியைக் கீழிருந்து மேலே பாருங்கள். கடைக்காரர்கள் மேலே செலவழிப்பார்கள். கீழே செலவழிப்பது அரிது. கீழே பளிச்சென்று புதுக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். பத்து வருட வண்டியின் அடிப்பக்கம் புழுதியும் சேறுமாக, அங்கங்கே லேசான மேல்துருவோடு இருப்பதுதான் இயல்பு.

போகும்போது டார்ச், சின்னச் சுத்தியல், பழைய ஸ்குரூடிரைவர், படுக்க ஓர் அட்டை எடுத்துப் போங்கள். வண்டியின் பக்கவாட்டில் நான்கைந்து அடி தள்ளி நின்று, கேபினுக்கும் பின் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம் என்றால் சேசிஸ் வளைந்திருக்கலாம். வலது பக்கமும் இடது பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் மோதலில் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரட்டைக் கேபின் வண்டியில் பெட்டியின் பெரும்பகுதி பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான சாமானைப் பெட்டியின் பின்கதவோரம் வைத்துக் குழியில் இறக்கினால் மொத்த விசையும் கேபினுக்குப் பின்னால் சேசிஸின் ஓர் இடத்தில் விழும். இந்த வகைப் பிக்அப் தாங்குவது ஆட்களையும் சேர்த்துச் சுமார் ஒரு டன்தான். லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தாலோ, ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் என்கிற காற்றுப் பை வைத்தாலோ வண்டி நிமிர்ந்து நிற்கும். சேசிஸின் பலம் கூடாது. ஏர்பேக் சுமையை ஒரே புள்ளியில் குத்துவதால் நிலைமை மோசமாகும். ஆகவே கூடுதல் பட்டை, புது யு-போல்ட், நசுங்கிப்போன பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுப்பது) இவற்றைப் பார்த்தால், அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துரு. சேசிஸ் உள்ளே வெற்றான பெட்டி. சேறும் உப்பும் உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். பின் ஸ்பிரிங் தொங்கும் இடம், பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் இடம், டீசல் டாங்குக்கு மேலே, முன் சக்கரத்துக்குப் பின்னால் என்று வரிசையாகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால், செதில் செதிலாக உதிர்ந்தால், ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் துரு தின்ற இடம். சேசிஸில் உள்ள ஓட்டைகள் வழியே டார்ச் அடித்து உள்பக்கத்தையும் பாருங்கள். ஸ்பேர் டயரை இறக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தை யாரும் கழுவ மாட்டார்கள், பெயின்ட் அடிக்கவும் மாட்டார்கள். வண்டியின் பழைய வாழ்க்கை அங்கேதான் தெரியும்: செம்மண் இருந்தால் செம்பனைத் தோட்டம், சிமெண்ட் தூள் இருந்தால் கட்டுமானத் தளம். தொழிற்சாலை வெல்டிங் ஒரே சீராக ஓடும். கையால் அடித்தது கட்டி கட்டியாக, அக்கம்பக்கத்தில் கிரைண்டர் கீறலோடு இருக்கும். சேசிஸ் நம்பர் பெரும்பாலும் வலது முன்பக்கச் சட்டத்தில் குத்தியிருக்கும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். இதைப் பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் நிற்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் காலையில் வாருங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசல், இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர். எஞ்சின் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து தலைகீழாக அதே இடத்தில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, அடியிலிருந்து புகை கிளம்பினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். இன்ஜெக்டர் நிலையை அறிய, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து அளப்பார்கள். ஒரு பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. போர்மேனுக்குக் கூலி கொடுத்தாவது இதைச் செய்யுங்கள். நான்கு இன்ஜெக்டர் மாற்ற ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போகும்.

வண்டிக்கு வண்டி வரும் நோயும் வேறு. டொயோட்டா ஹைலக்ஸ் வீகோவின் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த புகை எண்ணெய்க்குள் போய்க் கரியாகி, அடியில் இருக்கும் எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிடும். எண்ணெய் மேலே ஏறாமல் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மீட்டர் சொல்வதைவிட எண்ணெய் மூடிக்குள் கெட்டியான கரி படிந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். பழைய மிட்சுபிஷி ட்ரைட்டனின் 4டி56 எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு பேலன்சர் பெல்ட் ஒன்றும் உண்டு. சின்னது அறுந்தாலும் பெரியதில் மாட்டி எஞ்சினையே கெடுத்துவிடும். இரண்டையும் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நிசான் நவாரா டி40 வண்டியின் ஒய்டி25 எஞ்சினில் டைமிங் செயின் நீண்டுபோவது தெரிந்த விஷயம், காலையில் முதல் ஸ்டார்ட்டில் சலசலப்புக் கேட்கும். அதே நவாரா ஆட்டோவாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த பிறகு திறந்து பாருங்கள். கியர் எண்ணெய் குளிரும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். இரண்டும் கலந்து ரோஸ் நிறத்தில் பால் மாதிரி இருக்கும். அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். ஃபோர்டு ரேஞ்சர் 2.2 எஞ்சினில் எண்ணெய் மாற்றும்போது வடித்துவிட்டு அதிக நேரம் காலியாக விட்டால் எண்ணெய்ப் பம்ப் மறுபடி இழுக்காமல் போவதுண்டு. ஸ்டார்ட் ஆனவுடன் எண்ணெய் விளக்கு சட்டென்று அணைகிறதா என்று கவனியுங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தைப் புல்லிலோ மண்ணிலோ சோதியுங்கள். காய்ந்த தார் ரோட்டில் 4எச் (நான்கு சக்கர இயக்கத்தின் சாதாரண கியர்) போட்டுத் திருப்பினால் கியருக்குத்தான் கேடு. 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) போட வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். மீட்டரில் அதற்கான விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், கியரை இணைக்கும் ஆக்சுவேட்டர் கோளாறாக இருக்கலாம். டிஃபரென்ஷியல் எண்ணெய் ஊற்றும் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் ஆழத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

தண்ணீர் என்றதும் வெள்ளத்தைச் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கு, 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா என்று எத்தனையோ வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் மாற்றி, வாசனை அடித்து மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேற்றுக்கோடு இருக்கும். சீட்டைப் பிடிக்கும் போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள இரும்புப் பட்டை, பெடல் தண்டு எல்லாம் துருப்பிடித்திருந்தால் காரணம் மழை இல்லை. வயர் சாக்கெட் ஒன்றைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மீட்டரை நம்ப வேண்டாம். தோட்டத்து வண்டி கிலோமீட்டர் குறைவாகவும் நின்ற இடத்தில் ஓடிய மணி நேரம் மிக அதிகமாகவும் வைத்திருக்கும். பெடல் ரப்பர் வழுவழுத்து, ஸ்டியரிங் தோல் உரிந்த வண்டி ஒரு லட்சம்தான் ஓடியது என்றால் சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர்.

"டீசல் வண்டி, செலவே இல்லை" என்ற பழைய பேச்சும் இப்போது எடுபடாது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனது. கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பேப்பர் விஷயத்தில் கிரேன்ட்டில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, வங்கியின் உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்டிருக்கிறதா என்று ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) உறுதி செய்யுங்கள். சம்மன் பாக்கியை விற்பவரையே ஜேபிஜேயின் மைஜேபிஜே, போலீஸின் மைபாயார் பிடிஆர்எம் இரண்டு செயலியிலும் உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். "சம்போங் பாயார்" (பழைய ஆள் பெயரில் உள்ள கடனை நீங்கள் தொடர்ந்து கட்டுவது) என்றால் வேண்டவே வேண்டாம். நீங்கள் மாதாமாதம் கட்டினாலும் வண்டி வங்கிக்கும் பழைய ஆளுக்கும்தான் சொந்தம். அவர் எங்காவது தவறினால் இழுத்துப்போவது நீங்கள் வைத்திருக்கும் வண்டியைத்தான். முன்பணம் கட்டும்போது ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "வாங்குபவரின் போர்மேன் சோதித்துக் குறை கண்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்." எழுத மறுத்தால் காரணம் இருக்கும். சேசிஸில் வெல்டிங் இல்லை, வெள்ளத்தில் மூழ்கியதில்லை, மீட்டர் மாற்றவில்லை என்று கடை முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கைத் தொகை 50,000 ரிங்கிட் வரை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு உரியது. கம்பெனி பெயரில், தொழிலுக்கென்று வாங்கிய வண்டிக்கு அந்த வழி அடைபடக்கூடும். அப்போது சாதாரண நீதிமன்றம்தான். ஆகவே தொழிலுக்கு வாங்குகிறவர்கள் அந்த எழுத்து உறுதியைக் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கட்டவே கூடாது.