நுழைவிடத்துக்கு எது சரி: மூடிய செருப்பு அலமாரியா, பெஞ்சா?

வாசலில் நெரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு நாள் பொறுமையாகக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்தபடி ஷூ கழற்றுவார். பின்னால் வந்தவர் இரண்டு கையிலும் பையோடு வெளியே காத்திருப்பார். அதனால் நுழைவிடத்தை மாற்றியமைக்கும்போது, ஆள் எங்கே நின்று கழற்றுவது என்பதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். செருப்பை வைக்கும் இடம் அப்புறம்.

மூடிய அலமாரி பார்வைக்கு அழகு. ஆனால் சுமார் 35 செ.மீ. ஆழம் பிடிக்கும், அதன் கதவைத் திறக்க முன்னால் இன்னும் இடம் வேண்டும். நனைந்த ஷூவை உள்ளே வைத்து மூடினால் நாற்றம் வரும், காற்றோட்டத் துளைகள் அவசியம். இதைவிடப் பெரிய சிக்கல், அவசரத்தில் யாரும் அதைத் திறப்பதில்லை. செருப்பு அலமாரிக்கு முன்னாலேயே கிடக்கும்.

பெஞ்ச் இதற்கு நேர்மாறு. 45 செ.மீ. உயரம், 35 முதல் 40 செ.மீ. ஆழம், கீழே திறந்த தட்டு. உட்கார்ந்து கழற்றி, காலாலேயே உள்ளே தள்ளிவிடலாம். ஈரம் தானாகக் காயும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பது வைத்த பிறகுதான் புரியும். குறை இல்லாமல் இல்லை. ஒரு மீட்டர் நீளத் தட்டில் நான்கைந்து ஜோடிதான் அடங்கும், தூசியும் கண்ணில் படும். பெஞ்சின் மேல் பைகள் குவியாமலிருக்க மேலே சுவரில் கொக்கிகள் கட்டாயம். பிள்ளைகளுக்குத் தாழ்வாக ஒரு வரிசை தனியாக.

என் ஓட்டு பெஞ்சுக்கே, அகலம் இடம் கொடுத்தால். நடக்க 90 செ.மீ. எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 130 செ.மீ. அகலமுள்ள நடையில் பெஞ்ச் வைக்கலாம். 110 என்றால் அதை மறந்துவிட்டு, முன்பக்கம் சாய்ந்து திறக்கும் மெல்லிய அலமாரியைப் பாருங்கள். 20 செ.மீ. ஆழத்துக்குள் முடிந்துவிடும். உயரமான பூட்ஸ் அதில் நுழையாது. சுவரோடு திருகி முடுக்காவிட்டால் திறக்கும்போது முன்னால் கவிழக்கூடும், அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

கதவையும் கணக்கில் சேருங்கள். உள்பக்கம் திறக்கும் 90 செ.மீ. கதவு, தரையில் அதே ஆரத்தில் கால்வட்டத்தை எடுத்துக்கொள்கிறது. கீலை மறுபக்கம் மாற்றினாலே பல வீடுகளில் வழி திறந்துவிடும். தச்சர் வேலைதான், சுவரை உடைக்க வேண்டியதில்லை. சுவருக்குள் நகர்ந்து மறையும் கதவு இன்னும் இடம் மிச்சமாக்கும். ஆனால் கதவின் அகலத்துக்கு வயரோ குழாயோ ஓடாத சுவர் வேண்டும், சத்தமும் காற்றும் கசியும். உள் அறைக்குச் சரி, வெளிக்கதவுக்கு நான் சொல்லமாட்டேன்.

தரைக்குப் பளபளப்பில்லாத டைல்ஸ் போதும். ஈரக்காலில் வழுக்குவது குறையும்.

எதை வாங்கும் முன்பும் பெஞ்சின் அளவுக்குத் தரையில் டேப் ஒட்டி, ஒரு வாரம் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். பையோடு வரும்போது கால் கோட்டைத் தொட்டால், மெல்லிய அலமாரிதான் உங்களுக்கு.