பதின்மூன்று வீரர்களின் நீலம்: தஞ்சாவூரில் நிறம் சேர்த்துத் தரும் ஒரு கடை

தஞ்சாவூர் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கொலுப் பொம்மைகளுக்கு மறுவண்ணம் பூசித் தரும் பெரியவர் ஒருவரின் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது; திண்ணையில் உலர வைத்திருக்கும் பொம்மைகள்தாம் அடையாளம். மூக்கு சிதைந்த செட்டியாரையும் விரல் உதிர்ந்த கிருஷ்ணரையும் சரிசெய்து, ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாதபடி பழைய நிறத்தோடு புதிய நிறத்தைச் சேர்த்துவிடுவது அவருடைய தொழில். நான் அவரிடம் கொண்டுபோனவை போர்டு கேம் ஒன்றின் 28 மில்லிமீட்டர் அளவுப் பிளாஸ்டிக் வீரர்கள். கடந்த ஆறு மாதங்களில் நான்கு நிறங்களை அவரிடம் கலந்து வாங்கியிருக்கிறேன்.

இருபது வீரர்கள் கொண்ட படையில் பதின்மூன்று பேருக்கு மேலங்கி பூசி முடித்திருந்த நிலையில், நீல வண்ணக் குப்பி தீர்ந்துபோயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து மீதி ஏழு பேரை எடுத்தபோது அதே குப்பி எங்கும் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் நிறத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் எந்த நிறம் ஈடு என்று சொல்லும் ஒப்பீட்டு அட்டவணைகள் உண்டு. ஆனால் அவை ‘கிட்டத்தட்ட’ என்ற அளவில்தான் உதவும். பெயரை நம்பியும் போக முடியாது. மினியேச்சர் எனப்படும் இத்தகைய சிறு பொம்மைகளுக்கான சிட்டாடல் வண்ணங்களின் வரிசை 2012-இல் மாற்றியமைக்கப்பட்டபோது ‘கேயாஸ் பிளாக்’ இருந்த இடத்துக்கு ‘அபாடன் பிளாக்’ வந்தது; இப்படிப் பெயர் மாறும் துறையில், பழைய குறிப்பை வைத்துக்கொண்டு புதிய குப்பியைத் தேடுவது வீண் அலைச்சல்.

முதலில் நான் போனது, கணினி வைத்துச் சுவர் பெயின்ட் கலந்து தரும் கடைக்கு. அந்தக் கருவிக்குத் தட்டையான, ஓரளவு அகலமான பரப்பு வேண்டும். மடிப்பும் வளைவுமாக விரல்நுனி அகலமே உள்ள மேலங்கியை அதனால் அளக்க முடியவில்லை. அளந்திருந்தாலும் பயன் இராது. சுவர் பெயின்ட்டில் கால்சைட், டால்க் போன்ற நிரப்பிகள் சேர்வதால் அது தடித்த படலமாகப் படிந்து, பொம்மையின் கண்ணையும் கச்சையையும் மூடிவிடும்.

பெரியவர் நான் நீட்டிய வீரனை உடனே கையில் வாங்கவில்லை. “தம்பி, இத வச்சு ராத்திரியில விளையாடுவீங்களா, பகல்லயா?” என்று கேட்டார். இரவில், மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி விளக்கின் கீழ் என்றேன். அதன் பிறகுதான் பொம்மையை வாங்கித் திண்ணை வெயிலில் ஒருமுறையும், உள்ளே மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையை யாருக்கும் பரிந்துரைப்பேன். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள், வேறு வேறு நிறமிகளால் ஆனவை என்றால், விளக்கு மாறியதும் பிரிந்து நிற்கும். அல்ட்ராமரைன் என்ற நீல நிறமி சிவப்பு ஒளியையும் ஓரளவு திருப்பி அனுப்புவதால் மஞ்சள் பல்பின் கீழ் ஊதா சாயும். தாலோ என்ற இன்னொரு நீல நிறமி பச்சைப் பக்கமே நிற்கும். பழைய காலத்தில் வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் அல்ட்ராமரைன்தான் என்பதால், அந்த ஊதாச் சாயல் அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். என் வீரர்களின் மேலங்கியில் இருந்தது தாலோ என்று விளக்கடியில் பார்த்தே சொன்னார். முன்பு நானே கலந்த நீலம் பகலில் சரியாகவும் இரவில் பிசகாகவும் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் கலக்கும் முறையையும் சொல்ல வேண்டும். நீலத்தை அடர்த்தியாக்க அவர் கறுப்பைத் தொடுவதில்லை. கறுப்பைச் சேர்த்தால் நிறத்தின் உயிர் போய்விடும் என்பது அவர் கருத்து, என் அனுபவமும் அதுவே. பதிலாக, எரித்த அம்பர் எனப்படும் பழுப்பில் ஊசிமுனை அளவு சேர்த்து நீலத்தின் பளிச்சென்ற தன்மையை அடக்குகிறார். வெள்ளையையும் அப்படியே தயங்கித்தான் சேர்க்கிறார். டைட்டானியம் வெள்ளை சற்றுக் கூடினால் நிறம் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகிவிடும். ஈரத்தில் பார்த்து ‘சரி’ என்று அவர் சொல்லவே மாட்டார். அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல இருந்து, காயும்போது தெளிந்துவிடுவதால், உலர்ந்த நிறம் ஒரு படி கருத்தே நிற்கும். ஆகவே, நான் பயன்படுத்தும் அதே சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் மெலிதாக இரண்டு பூச்சு பூசி, காய்ந்த பின்புதான் பொம்மைக்கு அருகில் வைத்துப் பார்க்கிறார். கார்த்திகை மழையில் நான் போயிருந்த நாளில் காற்றின் ஈரத்தால் ஒவ்வொரு பூச்சும் காய நெடுநேரம் பிடித்தது. மூன்று முறை திருத்தி முடிக்க ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. அவசரக்காரர்களுக்கு ஏற்ற கடை அல்ல.

முடிவு சிறப்பாகவே வந்தது. ஏழு புதிய வீரர்களையும் பழையவர்களோடு கலந்து மேசையில் நிறுத்தியபோது, பல ஆண்டுகளாக என்னோடு விளையாடும் திருவையாற்று நண்பரால் புதியவர்களைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதாக வாங்கிய செங்கல் சிவப்பும், மூன்றாவதாக வாங்கிய தோல் நிறமும் அதே தரம். தோல் நிறத்தில் அவர் கை தனித்துத் தெரிகிறது. முகங்களுக்கு வண்ணம் தீட்டியே வாழ்ந்தவர் அல்லவா!

குறைகளும் உண்டு. அவர் சேர்க்கும் பசை காய்ந்த பின் லேசாகப் பளபளக்கிறது. பளபளப்பான பரப்பில் அதே நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும் என்பதால், பழைய வீரர்கள், புதிய வீரர்கள் எல்லோருக்கும் பளபளப்பில்லாத ஒரே மேட் வார்னிஷைக் கடைசியில் அடித்தால்தான் நிறம் முழுமையாக ஒன்றுகிறது. நான்காவதாக முயன்ற வெண்கல நிறம் தேறவில்லை. அவரிடம் உள்ள உலோகத் துகள் பெரிய பொம்மைகளுக்கு உரிய பருமன் கொண்டது. 28 மில்லிமீட்டர் கவசத்தில் அது மணல் ஒட்டியதுபோல் நிற்கிறது. உலோக நிறங்களுக்கு மினியேச்சருக்கென்றே வரும் குப்பிகளை வாங்குவதுதான் நல்லது. மேலும், கலவை விகிதத்தை அவர் நோட்டில் எழுதிவைத்தாலும் சொட்டுக் கணக்கில் எழுதுவதால், இரண்டாம் முறை கலந்த நீலம் முதல் முறையிலிருந்து நூலிழை விலகியிருந்தது. தேவையான அளவை மதிப்பிட்டு ஒரே தடவையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு வீரர்களின் மேலங்கிக்கு 15 மில்லி தாராளமாகப் போதுமாக இருந்தது. 15 மில்லிக் குப்பிக்கு என்னிடம் 120 ரூபாய் வாங்கினார்; ஒரு பிற்பகல் முழுவதும் உழைத்தவருக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன்.

அடியில் நிறமி படிவதால் குப்பிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றைப் போட்டுவைத்து, பூசுமுன் நன்றாகக் குலுக்குகிறேன். கலவை மினியேச்சர் வண்ணத்தைவிடச் சற்றுக் கெட்டி; வண்ணம் காயாமல் வைத்திருக்கும் ஈரப் பேலட்டில் (கலவைத் தட்டில்) சிறிது நீர் சேர்த்து இளக்கிய பின்பே தூரிகையில் எடுக்க வேண்டும்.

ஆடி பிறந்ததிலிருந்து நவராத்திரி முடியும்வரை அங்கே போக வேண்டாம்; கொலுப் பொம்மைகள் திண்ணை தாண்டித் தெருவரை நிற்கும், அவருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமிராது. மற்ற மாதங்களில் முற்பகலிலேயே போய்விடுவது நல்லது. பூசி வார்னிஷ் அடித்த பொம்மை ஒன்று, உங்கள் பிரைமர் அடித்த பிளாஸ்டிக் துண்டுகள் ஐந்தாறு, முடிந்தால் விளையாட்டு மேசைக்கு மேல் எரியும் அந்த பல்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பல்பைக் கழற்றிக் கொண்டுபோனதற்கு அவர் வியப்படையவில்லை. தம் கடையில் இருந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.