கயிலாய யாத்திரை: நாங்கள் போன டிராவல்ஸ் எப்படி?

அக்காவும் நானும் காத்மாண்டு வழியாகக் கயிலாயம் போய் வந்தோம். கூட்டிப்போனது சென்னையில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். பலரிடம் விசாரித்துவிட்டு இவர்களிடம் பணம் கட்டியதற்குக் காரணம், பயணத் திட்டத்தில் இருந்த ஒரு வரி: வழியில் வரும் திபெத் ஊர்களான கேரூங்கில் இரண்டு ராத்திரி, சாகாவில் இரண்டு ராத்திரி.

மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான். காத்மாண்டு 1,400 மீட்டர் உயரம். எல்லை தாண்டியதும் வரும் கேரூங் சுமார் 2,800. அங்கிருந்து ஒரே நாளில் சாகா, சுமார் 4,500. நடுவில் 5,000 மீட்டருக்கும் மேலே ஒரு கணவாய் வேறு. உயரம் உடம்புக்குப் பழக, 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்தப் பாதையில் அது எப்படியும் தப்புகிறது. அதை ஓரளவு ஈடுகட்டுவது அந்தக் கூடுதல் ராத்திரிகள்தான். கட்டணத்தைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்கள் அதில்தான் கைவைக்கிறார்கள். போனில் முதலில் இதைக் கேளுங்கள். வெஜிடேரியன் சாப்பாடு எல்லோருமே போடுகிறார்கள்.

எங்கள் கைடு ஒரு நேபாளி இளைஞர். காலையும் மாலையும் எல்லோர் விரலிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டர் மாட்டி, அளவை நோட்டில் எழுதுவார். சாகாவில் இரண்டாம் நாள் காலை, குழுவில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தலைவலி என்று டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிறவர். கைடு அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், டைல்ஸ் கோட்டின்மேல் ஒரு காலின் குதிகாலை மற்றக் கால் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலு அடி வைப்பதற்குள் மனிதர் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று எவ்வளவோ மன்றாடினார். கைடு அசையவில்லை. நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான் என்று சொல்லிவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டரும் துணைக்கு ஓர் ஆளுமாக உடனே ஜீப் ஏற்றிவிட்டார். மறுநாள் அவர் கேரூங்கிலிருந்து பேசினார், நன்றாகச் சாப்பிட்டேன் என்று. அந்த ஒரு முடிவுக்காகவே இந்த நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

தென்கயிலாயம் என்று சொல்லும் வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இங்கே பயமில்லை என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அது கால்களுக்கு நல்ல பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் கயிலாயத்தைச் சுற்றி வரும் பாதையில் 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் பாதிதான். அவ்வளவு குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பைப் பழக்க வெள்ளியங்கிரியால் முடியாது.

இனி குறைகள். போகுமுன் நடந்த ஆன்லைன் கூட்டம் முழுக்க விசா, டாலர், பை எடை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். அக்காவுக்கு அந்த ஒவ்வாமை உண்டு. எங்கள் குடும்ப டாக்டர் கேட்டதால் தப்பித்தோம். வாடகைக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் ஜிப் பாதியில் நின்றது. அந்தக் குளிரில் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் குதிரை. முழங்கால் வலி உள்ளவர்கள் குதிரையை நம்பித்தான் பேர் கொடுக்கிறார்கள். டோல்மா கணவாயைத் தாண்டி, கௌரி குண்டம் என்ற ஏரியைப் பார்த்தபடி இறங்கும் செங்குத்தான சரிவில் குதிரையில் உட்கார விடமாட்டார்கள். கல்லும் பனியுமான அந்த இறக்கத்தை எல்லோரும் நடந்துதான் கடக்க வேண்டும். இது எங்களுக்குத் தெரிந்ததே நடை தொடங்கும் யமதுவாரத்தில், குதிரைக்குப் பணம் கட்டியபிறகு. சென்னையிலேயே சொல்லியிருந்தால் அக்கா மூன்று மாதம் மாடிப்படி இறங்கிப் பழகியிருப்பார்.