சிப் அடிக்க எந்தப் புத்தகம்? மூணாறு புல்லில் வைத்துப் பார்த்த மூன்று பாடங்கள்

போன சித்திரையில் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு கோல்ஃப் செட் வாங்கியிருந்தான். ஐந்தாம் நம்பர் முதல் ஒன்பது வரை அயர்ன் மட்டைகள், பந்தை உயரத் தூக்கி அடிக்கும் ஒரு பிட்சிங் வெட்ஜ், ஒரு சேண்ட் வெட்ஜ், தரையில் உருட்டி அடிக்கும் ஒரு பட்டர். "மாமா, சொல்லித்தர ஆளில்லை. ஷார்ட் கேமுக்குப் புத்தகம் ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவன். ஹைரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம்தான். லீவு நாளில் பை தூக்கப் போய், துரைமார் அடிப்பதைப் பார்த்துத்தான் நான் இந்த ஆட்டத்தைக் கற்றேன். முழு ஸ்விங் அப்படிப் பார்த்தே பிடிபட்டுவிட்டது. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பு) இருபது கஜம் தள்ளி நின்று அடிக்கும் சின்ன அடி, அதாவது சிப் போன்ற ஷார்ட் கேம் அடி, மட்டும் பிடிபடவே இல்லை. அதில் கை எவ்வளவு இறுகியிருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதெல்லாம் வெளியே தெரியாது. அதற்காகத்தான் புத்தகங்களைத் தேடிப் போனேன். ஒவ்வொன்றையும் மழையிலும் வெயிலிலும் வைத்துப் பார்க்கப் பல வருஷம் பிடித்தது.

மூன்று பேருடைய வழிகளைத்தான் இங்கே எதிரெதிரே வைக்கிறேன். முதல் ஆள் பால் ருன்யன், புத்தகம் 'தி ஷார்ட் வே டு லோயர் ஸ்கோரிங்', 1979. அடுத்தவர் டேவ் பெல்ஸ், 'ஷார்ட் கேம் பைபிள்', 1999. மூன்றாமவர் ஸ்டான் அட்லி, 'தி ஆர்ட் ஆஃப் தி ஷார்ட் கேம்', 2007.

பெல்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கையில் கொடுப்பது அவருடையதைத்தான். நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு அடியையும் பின்னாலேயே நடந்து குறித்தவர். அடிகளில் 60 முதல் 65 சதவீதம் குழியிலிருந்து 100 கஜத்துக்குள் நின்றுதான் அடிக்கப்படுகின்றன என்பது அவர் கணக்கு. அவருடைய முறையைச் சுருக்கினால் இதுதான்: இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஏழரை மணி வரை ஒரு பின்வீச்சு, ஒன்பது மணி வரை ஒன்று, பத்தரை மணி வரை ஒன்று. நான்கு வெட்ஜ் இருந்தால் பன்னிரண்டு தூரம் கைவசம். ஒவ்வொன்றும் எவ்வளவு பறக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டால், மைதானத்தில் ஊகத்துக்கு வேலையே இல்லை. ஃபில் மிக்கெல்சன் போன்றவர்கள் அவரிடம் போனதற்குக் காரணம் இந்த ஒழுங்கு.

புத்தகம் 400 பக்கத்தைத் தாண்டும். படிக்கும்போது பாதிக்கு மேல் எனக்குப் பயன்படாது என்று தோன்றியது, அது தவறு. நான்கு வெட்ஜுக்குப் பணமில்லாதவனும் இரண்டு வெட்ஜை மூன்று வீச்சால் பெருக்கி ஆறு தூரம் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வார விளையாட்டுக்கு ஆறு தாராளம். ஆனால் அவர் முறைக்கு இரண்டு பொருள் கட்டாயம் வேண்டும்: தூரம் அளந்து பழக ஒரு திறந்த இடம், ஒரே மாதிரி நூறு பந்து. எங்கள் மலையில் அறுபது கஜம் சமதளம் கிடைத்தால் அதில் தேயிலை வைத்திருப்பார்கள். இன்னொன்று, அவர் எழுதும் பந்து பெரும்பாலும் நன்றாக வெட்டிய, வடிகால் உள்ள புல்லில் கிடக்கிறது. ஆடி மாதத்துச் சாரலில் ஊறிப்போன மண்ணில் ஒன்பது மணி வீச்சு ஒரு நாள் 45 கஜம் போகும், மறுநாள் கிளப் (மட்டை) மண்ணைக் கவ்வி 20 கஜத்தில் நிற்கும். அளந்த அட்டவணையை நம்பி அடித்தவனுக்கு அப்போதுதான் மனசு உடையும். (உயரத்தைப் பற்றிக் கேட்பார்கள். 5,000 அடி உயரத்தில் காற்று லேசு, முழு அடி ஐந்தாறு சதவீதம் கூடுதலாகப் போகும். சின்ன அடியில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.)

ருன்யன் நேர் எதிர்த் துருவம். உருவத்தில் சிறியவர், தூரம் அடிக்க வராதவர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபின் பெரிய போட்டியான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் 1938 இறுதிப் போட்டியில், டிரைவரில் (நீண்ட தூரம் அடிக்கும் மட்டை) தன்னை எங்கேயோ பின்னால் விட்டுப் போகும் சாம் ஸ்னீடை, இன்னும் ஏழு குழி மீதமிருக்கையில் எட்டு குழி முன்னிலையோடு முடித்தார். இவ்வளவு தூரம் பின்னால் நின்றுகொண்டு ஜெயிக்க ஒரே வழி, கிரீன் ஓரத்தில் பிழையே செய்யாமலிருப்பது. புத்தகம் முழுக்க அந்தப் பிழையைக் குறைக்கும் வேலைதான்.

அவர் சிப்பைப் பட்டிங் போலவே அடிக்கச் சொல்கிறார். மணிக்கட்டு அசையக் கூடாது. பந்துக்குக் கிட்ட வந்து நின்று, கிளப்பை நிமிர்த்திப் பிடித்தால் அதன் குதிகால் புல்லை விட்டு எழும்பும், நுனி மட்டும் தொடும். உள்ளங்கைகள் எதிரெதிரே பார்த்து நின்றால் ஒரு கை மற்றதை மீறி முறுக்காது. பிறகு தோளை ஆட்டினால் போதும். உயரமாகத் தூக்க முயலாமல், கிரீனுக்குள் கொஞ்சமே தள்ளி பந்தை இறக்கி, மிச்சத் தூரத்தை உருள விட வேண்டும். எவ்வளவு உருள வேண்டும் என்பதற்கேற்பக் கிளப்பை மாற்றினால் போதும், வீச்சை மாற்ற வேண்டாம்.

இது எங்கள் புல்லுக்கு ஏன் ஒத்துவருகிறது என்பதை ஒரு காலையில்தான் புரிந்துகொண்டேன். கால்பந்து மைதானத்தின் ஓரமாகப் பையன்கள் கிரிக்கெட்டுக்காக ஒரு பட்டையை ஒட்ட வெட்டி வைத்திருந்தார்கள். தை மாதம், ஆறரை மணி. உறைபனி விழுந்த நாளில் புல்லை மிதிக்கக் கூடாது, மிதித்த இடம் கருகிவிடும். வெறும் பனித்துளி படிந்த நாள்தான் தோது. அன்றைக்குப் புல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரம். பட்டைக்கு வெளியே, தடித்த புல்லில் நின்று ஏழாம் நம்பரால் ஒரு சிப் அடித்தேன். பந்து பறந்த தூரத்தில் ஒரு தடமும் இல்லை. இறங்கிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து ஈரத்தை வழித்துக்கொண்டு போன ஒரு பச்சைக் கோடு, கோட்டின் முனையில் பந்து.

மூன்று கவடு (காலடி) பறந்து, பதினொரு கவடு உருண்டிருந்தது. பன்னிரண்டிலிருந்து அயர்ன் எண்ணைக் கழித்தால் கிடைப்பது உருளும் பங்கு என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். அதன்படி ஏழாம் நம்பருக்கு ஒரு பங்கு பறந்து ஐந்து பங்கு உருள வேண்டும். எங்கள் ஈரத்தில் நாலுகூட வரவில்லை. ஒன்பதாம் நம்பர், பிட்சிங் வெட்ஜ் எல்லாமே அதே விகிதத்தில் குறைந்தன. அரை மணி நேரத்தில் முப்பது கோடு போட்டேன். அந்த முப்பதில் கை நடுங்கி மண்ணில் குத்தியது இரண்டே இரண்டு. சேண்ட் வெட்ஜால் அதே தூரத்துக்கு முப்பது அடித்திருந்தால் குறைந்தது எட்டு கெட்டிருக்கும் என்று என் அனுபவத்தில் தயங்காமல் சொல்வேன்.

சொல்லித்தர ஆளில்லாதவனுக்கு ருன்யன் புத்தகம் ஏன் முதலில் என்பதும் இதிலேயே இருக்கிறது. புத்தகம் நம்மைத் திருத்தாது. நாமே படித்து, நாமே அடித்து, நாமே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் அசையும் உறுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ருன்யனில் மணிக்கட்டு அசைந்தால் அடிக்கிறவனுக்கே தெரிந்துவிடும். பெல்ஸில் இடது கை ஒன்பது மணியில் நின்றதா, ஒன்பதே காலில் நின்றதா என்பது தெரிய இன்னொருவர் கண் வேண்டும், இல்லாவிட்டால் போனில் வீடியோ எடுக்க வேண்டும்.

ஆனால் ருன்யன் கைவிடும் இடம் ஒன்று உண்டு. பந்துக்கும் கொடிக்கும் நடுவில் பங்கரோ (மணல் பள்ளம்) ஓடையோ இருந்தால், உருட்ட இடமில்லை. மழைக்காலத்தில் கிரீன் ஓரத்துப் புல் கணுக்கால் உயரம் வளர்ந்துவிட்டாலும் அதே கதைதான். அங்கேதான் அட்லி.

அட்லி அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஆடியவர். 2002ஆம் ஆண்டு ஏர் கனடா சாம்பியன்ஷிப்பில் ஒன்பது குழிக்கு ஆறே ஆறு பட்டில் முடித்தவர். அவர் எழுத்தில் அளவுகோல் இல்லை, தொட்டுணர்வு இருக்கிறது. பிடியை இறுக்காதே, உடம்பு திரும்பட்டும், கிளப் தலை தன் எடையில் வீழட்டும், வெட்ஜின் அடிவயிறு தரையில் வழுக்கட்டும் என்கிறார். அந்த அடிவயிற்றைத்தான் பவுன்ஸ் என்கிறோம். சேண்ட் வெட்ஜைத் தரையில் வைத்தால் முன்விளிம்பு கொஞ்சம் எழும்பி நிற்கும், பின்பகுதி மட்டும் தொடும். ஈர மண்ணில் முன்விளிம்பால் வெட்டினால் கிளப் புதையும். பின்பகுதியை இறங்க விட்டால் சேற்றில் வழுக்கிக்கொண்டு பந்துக்கு அடியில் போய்விடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் மண்ணில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு பாடம்தான். அதே பவுன்ஸ் மாசி மாதக் காய்ந்த தரையில் மோதி எகிறி, பந்தின் இடுப்பில் அடிக்கும். அப்போது மறுபடி ருன்யனுக்குத் திரும்ப வேண்டும்.

அட்லியில் எனக்குள்ள குறை, அவர் சொல்லும் தளர்ச்சி எழுத்தில் வராது என்பதுதான். இறுக்காதே என்று படித்ததும் சிலருக்குக் கை முழுக்கத் தளர்ந்து கிளப் முகம் சுற்றிவிடும். நானே மூன்று மாதம் அப்படித் தவித்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளும் விரலைப் பார்த்துத்தான் அளவு பிடிபட்டது. அம்மா கிள்ளும்போது பிடி தண்டை நசுக்காது, ஆனால் நழுவவும் விடாது. அந்தப் பிடியோடு போய் நின்ற பிறகு அட்லியின் பக்கங்கள் வேறு மாதிரி படித்தன.

இந்த மூவரையும் ஒரே அடியில் கேள்வி கேட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. 2014இல் வந்த 'எவ்ரி ஷாட் கவுண்ட்ஸ்' புத்தகத்தில், நல்ல ஆட்டக்காரனுக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கும் உள்ள ஸ்கோர் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே அடிக்கும் அடிகளால் வருகிறது என்று காட்டினார். பெல்ஸ் எண்ணியது அடிகள் எங்கிருந்து அடிக்கப்படுகின்றன என்பதை. பிராடி எண்ணியது வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்பதை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல, ஆனால் வாங்குபவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஷார்ட் கேம் புத்தகம் ஒன்றாலேயே ஸ்கோர் பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படியும் நான் இதைத்தான் முதலில் பழகச் சொல்வேன். காரணம், முழு ஸ்விங் பழக எங்கள் ஊரில் இடம் கிடையாது. இருபது கவடுப் புல் எந்த லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) பின்னாலும் கிடைக்கும்.

கோல்ஃப் ஆசிரியர் ஹார்வி பெனிக்கின் 1992ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தைப் பற்றியும் அக்கா மகன் கேட்டான். குழியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கற்க வேண்டும் என்கிற அவர் யோசனை பொன்னானது. ஆனால் அதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், முதல் காசை அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்றேன்.

கடைசியில் அவனுக்குச் சொன்ன வரிசை இது: காசு கொடுத்து வாங்க ருன்யன், பழைய பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. மழை பிடிப்பதற்குள் அட்லியை என் அலமாரியிலிருந்து எடுத்துப் போ. பெல்ஸில் தூர அட்டவணை போடும் பகுதியை மட்டும் உட்கார்ந்து குறித்துக்கொள், உன் இரண்டு வெட்ஜுக்கும் ஆறு எண் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் ஒட்டு.

போன வாரம் போனில் ஒரு படம் வந்தது. ஏதோ மைதானத்து ஈரப் புல்லில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து ஒரு பச்சைக் கோடு. குறி வைத்த தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு கவடு வலப்பக்கமாகப் போய் முடிந்திருந்தது. "முகம் திறந்திருக்குடா. இன்னும் கிட்ட வந்து நின்னு, வலது உள்ளங்கையைப் பாட்டிலைப் பாக்க வை" என்று பதில் போட்டேன்.