நாய் வீட்டுக்கு எது ஏற்றது: பலகையா, பிளைவுட்டா, பிளாஸ்டிக்கா, தகரமா?

வெளியில் வைக்கும் நாய் வீட்டைப் பெரும்பாலும் தண்ணீர்தான் கெடுக்கும். அது விளிம்பு, மூட்டு, திருகுத் துளை, தரையைத் தொடும் கால் இவற்றின் வழியாகத்தான் உள்ளே ஏறும். தரைக்கு ஒரு தொல்லை, சுவருக்கு வேறு, கூரைக்கு இன்னொன்று. முழு வீட்டையும் ஒரே பொருளில் முடிக்க நினைத்தால் ஏதாவது ஒரு பக்கம் அடிவாங்கும்.

சுவருக்கு எங்கள் தேர்வு 12 மி.மீ. மெரைன் பிளைவுட். சாதாரண பிளைவுட்டில் போடும் யூரியா பசை ஈரத்தில் விட்டுக்கொடுக்கும், அடுக்குகள் பிரியும். மெரைன் ரகத்தின் ஃபீனாலிக் பசை தாங்கும். ஆனால் அறுத்த விளிம்பை அப்படியே விட்டால் அதுவும் ஊதும். பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு விளிம்பிலும் எபாக்ஸியோ, மூன்று பூச்சு பிரைமரோ கொடுங்கள்; பொருத்திய பிறகு தூரிகை அங்கே எட்டாது. மர இழை, மரத்தூள் இவற்றை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் வெளியில் வேண்டவே வேண்டாம்.

தேக்கு, சீடார் பலகைகள் இயல்பாகவே அழுகலைத் தாங்கும். ஆனால் பலகை சுருங்கும்போது இடைவெளி விழும். நாய் உண்ணி முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட இடுக்கைத்தான், ஆகவே உள்பக்க இடுக்குகளை அடைத்தே ஆக வேண்டும். சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டைகளை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது. பின்னதைத் தொடாதீர்கள்.

பிளாஸ்டிக்கின் பெரிய பலம் கழுவும் வசதி. குழாயைத் திருப்பினால் போதும், உண்ணி ஒளிய இடுக்கும் குறைவு. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத ரகம் வெயிலில் வெளிறி நொறுங்கும். ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் வெயிலையும் தடுக்காது, குளிரையும் தடுக்காது; இரவில் நாயின் மூச்சு ஈரம் உள்சுவரில் வியர்த்துப் படுக்கையை நனைக்கும். இரட்டைச் சுவரும், கூரையோரம் காற்றுத் துளைகளும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். கடித்துக் குதறும் நாய்க்கு இது சரிவராது. விழுங்கிய துண்டு குடலை அடைக்கும்.

தகரத்தால் சுவர் அமைத்தால் வெயிலில் அடுப்பாகும். அதே தகரம் கூரையில் அருமை. பிளைவுட் மூடியின் மேல் 25 மி.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து அதன்மேல் தகரத்தைப் பதித்தால், இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். சரிவு வாசலுக்கு எதிர்ப்பக்கமாக, நாற்புறமும் 10 செ.மீ. நீட்டம், ஓரங்கள் மடித்தபடி. எங்கோ கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை வெட்டிப் போடாதீர்கள். வெட்டும்போது பறக்கும் அதன் இழை உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது.

தரைக்கு 18 மி.மீ. மெரைன் பிளைவுட்டை 10 செ.மீ. கால்களில் தூக்கி வையுங்கள். கால்களுக்குக் கல் அல்லது கெட்டி பிளாஸ்டிக் கட்டை போதும். அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரம் என்றால் நாயின் வாய்க்கு எட்டாத அடிப்பகுதியில் மட்டும். பழைய கட்டிடத்தில் கழற்றிய பச்சை நிற மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்தேற்றம் 2003 இறுதியோடு நின்றது. இப்போதைய செம்பு மருந்துகள் சாதாரண ஆணியை அரிக்கும், ஸ்டெயின்லெஸ் திருகு நிற்கும்.

குளிருக்கு 25 மி.மீ. தெர்மாகோலை இரு பிளைவுட்டுக்கு நடுவே முழுதும் மூடி வையுங்கள். விளிம்பு தெரிந்தால் நாய் பிய்த்துத் தின்னும். வெளிப்புறம் ஈயமில்லாத அக்ரிலிக் பெயின்ட் அடித்து, வாடை முழுதும் போன பிறகே நாயை விடுங்கள். கரையானுக்கென்று கழிவு எஞ்சின் ஆயில் பூசும் பழக்கம் கூடாது, நக்கினால் நஞ்சு.

கடைசியாக, உள்ளே நீட்டியிருக்கும் திருகு முனைகளை அரத்தால் ராவிவிட்டு, கீழே சிந்திய துத்தநாகம் பூசிய நட்டுகளை எண்ணிப் பொறுக்குங்கள். நாய் ஒன்றை விழுங்கினாலும் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம்.