கார் உட்புற பேனல் திருகு: அசலா, அளவு பார்த்து வாங்குவதா?

கதவு பேனலைக் கழற்றி மாட்டும்போது திருகு ஒன்று தொலைந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு.

கார் நிறுவனத்தின் அசல் திருகு என்றால் வேலை எளிது. எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், உதிரிபாகப் பட்டியலில் அது பெரும்பாலும் அகப்பட்டுவிடும். தலையின் அகலம், நிறம், ஒட்டிய வாஷர் எல்லாம் பழையதைப் போலவே இருக்கும். விலை கூடுதல், காத்திருக்கவும் நேரலாம்.

ஹார்டுவேர் கடைத் திருகு மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் பொருத்தம் பார்க்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. பக்கத்துத் துளையிலிருந்து அதே வகைத் திருகைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக இறங்கும் திருகின் புரிகள் கூர்மையாக, இடைவெளி விட்டு இருக்கும். நட்டில் இறங்கும் வழக்கமான எம்5 (5 மி.மீ. விட்டம்) திருகில் புரிக்குப் புரி 0.8 மி.மீ. மட்டுமே. இதைப் பிளாஸ்டிக்கில் முடுக்கினால் துளையே வீணாகிவிடும். நீளத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். உருண்டைத் தலையானால் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். குழிக்குள் அமரும் தலையானால் தலையையும் சேர்த்து. சற்று நீண்டாலும் பின்னால் ஓடும் வயரைக் குத்திவிடலாம்.

கையுறைப் பெட்டி, டிக்கி ஓரம் போன்ற இடங்களுக்குக் கடைத் திருகையே நான் தாராளமாகச் சொல்வேன். ஏர்பேக் இருக்கும் பகுதியில் அசல் மட்டும்தான். அங்கே சிக்கனம் கூடவே கூடாது.

திருகு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பின்னாலுள்ள உலோகக் கிளிப்பை முதலில் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் எந்தத் திருகும் பிடிக்காது.